நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை

பாட்ரீசியாவுக்கு நாற்பத்தாறு வயதில் மறுபடியும் பள்ளிக்கூடப் பிள்ளையாகும் யோகம் வாய்த்தது. மலாக்கா பட்டணத்தில் ஒரு ஹோட்டலின் கூட்ட அறை. பற்கள் தந்தியடிக்கிற ஏர்கான் குளிர். ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தன் மகள் வயதில் இருந்த டாக்டர்களோடு சரிசமமாக உட்கார்ந்து, சாகப்போகிற மனிதர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவள் பாடம் கேட்டாள். டாக்டர்களுக்கும் தாதிகளுக்குமான வலி தணிப்புப் பயிற்சி அது. காலை முழுதும் சாவைப் பற்றிப் பேசிவிட்டு இடைவேளையில் எல்லோரும் கறிபாப் பலகாரத்தை ஒரு கை பார்த்தார்கள். மனிதனுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வது?

பயிற்சியை நடத்தியவர் டாக்டர் அகல்யா. முப்பது தாண்டிய வயது, சுறுசுறுப்பு, கோபப்படாத குணம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு தர்ம அமைப்பில் அவர்தான் டாக்டர். பாட்ரீசியா அந்த அமைப்பில் தாதியாகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வார்டில் கால் வீங்க நின்றவள். கணவன் ஃபிரெடிக்கு பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, அங்கேயே பக்கத்தில் வீடு. ‘வார்ட் வேலையே போதும் லா, சாவுற ஆளுங்கள தேடிப் போய்ப் பாக்கணுமா?’ என்று அவன் கேட்டதற்கு, ‘யாராச்சும் போகணும்ல’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

உண்மையான காரணம் அவளுடைய அப்பா. மரியசூசை, சிம்பாங் அம்பாட் பக்கத்து எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். தொண்டையில் கட்டி வந்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கையில் கொடுத்தனுப்பியது தலைவலிக்குப் போடுகிற பானடோல் மாத்திரை. பாட்ரீசியா அப்போதுதான் தாதியாகி வெள்ளை உடுப்பு போட்டிருந்தாள். தான் கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று அவர் துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொள்வார். மகள் தாதி, அவளால் ஒரு மண்ணும் செய்ய முடியவில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டுதான் அந்தக் குளிர் அறையில் போய் உட்கார்ந்தாள்.

பயிற்சியில் நடித்துப் பார்க்கும் பகுதி ஒன்று உண்டு. ஒருவர் நோயாளி, ஒருவர் நோயாளியின் மனைவி, ஒருவர் தாதி. எல்லாம் ஆங்கிலத்தில். மார்ஃபின் என்ற பேரைக் கேட்டாலே குடும்பங்கள் மிரளும், அதற்காக ‘வலி மருந்து’ என்று பூசி மெழுகாதீர்கள், பேரைச் சொல்லுங்கள், பயம் என்ன என்று கேளுங்கள் என்றார் அகல்யா. சரியான அளவில் ஆரம்பித்து, வலியைப் பார்த்துப் பார்த்து மெல்ல ஏற்றினால் அது ஆளைக் கொல்லாது, அடிமையாக்காது என்பதை எப்படிச் சொல்வது என்று சொல்லிக் கொடுத்தார். பாட்ரீசியா தாதி வேஷம் கட்டிப் பேசியபோது, மனைவியாக நடித்த இளம் டாக்டர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறையே கை தட்டியது. பாட்ரீசியாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, அதை மறைப்பானேன்.

பயிற்சி முடிந்த கையோடு அவளிடம் வந்த நோயாளி திருச்செல்வம். சிம்பாங் அம்பாட்டில் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டியவர். குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவி, மல்லாந்தும் படுக்க முடியாமல், ஒருக்களித்தும் படுக்க முடியாமல், கூடத்தில் போட்ட கட்டிலில் தலையணையைக் கட்டிப்பிடித்துக் குந்தியிருந்தார். மனைவி மங்களம் பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் வேலை பார்த்தவள், அவருக்காக வேலையை விட்டிருந்தாள். வீட்டில் வேறு ஆளில்லை. சுவரில் மாலை போட்ட ஓர் இளைஞனின் படம் இருந்தது.

“மகன் குகன், மிஸி. மோட்டர் ஆக்சிடென்ட்,” என்றாள் மங்களம், கேட்பதற்கு முன்பே. எஸ்டேட்டுக் காலத்திலிருந்து தாதி என்றால் எல்லோருக்கும் மிஸிதான்.

அது ஆக்சிடென்ட் இல்லை. பாட்ரீசியாவுக்குக் கடைசியில்தான் தெரிந்தது என்றாலும் நாம் இப்போதே தெரிந்துகொண்டால் பாவமில்லை. குகனைப் போதைப்பொருள் தின்றுவிட்டது. இங்கே அதற்கு தாடா என்று பேர். பஸ் நிலையத்துக் கழிப்பறையில் பிணமாகக் கிடந்தான். அதற்கு முன் போலீசில் பிடிபட்டபோதெல்லாம் சிறுநீரைச் சோதித்துவிட்டு அவர்கள் சொன்னது ஒரே வார்த்தை: ‘பாசித்திஃப் மார்ஃபின்.’ கோர்ட்டில் வாசித்ததும் அதுதான், பிணவறையில் சொன்னதும் அதுதான். மங்களத்துக்கு மலாய் அரைகுறை, ஆங்கிலம் சுத்தமாகக் கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை எந்த மொழியில் வந்தாலும் அவளுக்குத் தெரியும்.

பாட்ரீசியா பயிற்சியில் சொன்னபடியே செய்தாள். பழுப்பு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்து, “அக்கா, இது மார்ஃபின். பேர மறைக்க விரும்பல. வலிக்கு இதவிட நல்ல மருந்து இல்ல. உங்களுக்கு இதப்பத்தி ஏதாச்சும் பயம் இருக்கா? மனசுல உள்ளத சொல்லுங்க,” என்று கேட்டாள்.

மங்களத்தின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “பயமெல்லாம் ஒன்னும் இல்ல மிஸி. நீங்க சொன்னா சரி.”

“நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுக்கணும். வலி வந்த பிறகு இல்ல, வர்றதுக்கு முன்னாலயே. போலே, முடியும்ல?”

“போலே மிஸி.”

ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். மங்களம் தண்ணீரை வைத்து இழுத்துக் காட்டினாள். கொஞ்சமும் பிசகவில்லை. பாட்ரீசியா நிம்மதியாகக் காரை எடுத்தாள்.

அவள் கார் முக்குத் திரும்பியதும் மங்களம் என்ன செய்தாள்? சிரிஞ்சில் அளவாக மருந்தை இழுத்தாள். இரண்டு சொட்டு மட்டும் ரோஸ் சிராப் தண்ணீரில் விட்டுப் புருஷனுக்குக் கொடுத்தாள். மீதியைக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றித் தண்ணீர் விட்டுக் கழுவினாள். பாட்டிலில் மருந்து குறையாமல் இருந்தால் மிஸி மனம் வருத்தப்படும், டாக்டர் மிஸியைத் திட்டக்கூடும். இவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே ‘மாட்டேன்’ என்று எப்படிச் சொல்வது? அதே சமயம், பெற்ற பிள்ளையை முழுங்கியதைக் கட்டிய புருஷனுக்குத் தன் கையால் எப்படி ஊட்டுவது? அவளுக்குத் தெரிந்த மரியாதையான வழி அது ஒன்றுதான். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, நேரம் தவறாமல் சாக்கடையில் ஊற்றினாள்.

வாரங்கள் போயின. ஒவ்வொரு தடவையும் பாட்ரீசியா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், குறைய வேண்டிய அளவு குறைந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் திருச்செல்வம் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தார்.

“எப்படிண்ணே இருக்கு?”

“உங்க மருந்து எனக்கு ஒன்னுமே செய்யல மிஸி. இன்னும் பெருசா ஏதாச்சும் இருந்தா குடுங்க. இல்லன்னா லாரிய கொண்டாந்து மேல ஏத்த சொல்லுங்க.”

“ஒழுங்கா குடுக்கறீங்களாக்கா?”

“குடுக்கறேன் மிஸி.”

அகல்யாவுக்குப் போன் போட்டாள். நோயாளி வலிக்கிறது என்றால் வலிக்கிறது, அதுதான் பாடம். அகல்யா ஒரு தடவை நேரில் வந்து பார்த்து, மங்களத்திடம் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு அளவைக் கூட்டினார். பிறகு போனிலேயே கூட்டினார். அப்புறமும் கூட்டினார். சிலருக்கு அதிகம் தேவைப்படும், பயப்படாதீங்க பாட்ரீசியா என்றார். சொன்னதில் தப்பில்லை, மருந்து உள்ளே போயிருந்தால்.

பாட்ரீசியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலிட்டால் சிலுவை கண்ணுக்குத் தெரியவில்லை, வாயில் துண்டோடு அப்பாதான் தெரிந்தார். அந்தக் காலத்தில் கையில் மருந்தில்லை. இப்போது கையில் மருந்து, தலையில் படிப்பு, பையில் சான்றிதழ். அப்படியும் ஒரு மனிதர் வலியில் துடித்துக்கொண்டே சாகப்போகிறார். இவர் ஒருவராவது அப்படிப் போகக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம், மறுபடி அளவு கூட்டிய புது பாட்டிலோடு போனாள். திருச்செல்வத்தின் குரல் வாசல் கேட்டிலேயே கேட்டது. அழுகை இல்லை அது. மாடு கத்துகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம். மங்களம் சமையற்கட்டில் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

நோயாளி வீட்டில் உங்கள் சொந்தக் கதையை அவிழ்க்காதீர்கள் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பாட்ரீசியா அந்தச் சமையற்கட்டில் நின்று அவிழ்த்தாள். அப்பாவைச் சொன்னாள், துண்டைச் சொன்னாள், அந்தத் துண்டை அவள் துவைத்தபோது அதில் ரத்தம் இருந்ததைச் சொன்னாள்.

“எங்கப்பாவுக்கு இந்த மருந்து கிடைக்கலக்கா. கிடைச்சிருந்தா அவர் சத்தியமா நிம்மதியா போயிருப்பாரு. அண்ணனும் எங்கப்பா மாதிரி துடிச்சுக்கிட்டே போயிடுவாரோன்னு எனக்குப் பயமா இருக்குக்கா.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மங்களம்தான் அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு பயிற்சியும் சாதிக்காததை அந்த அழுகை சாதித்தது. பாட்ரீசியா போன பிறகு மங்களம் மகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சிரிஞ்சில் புது அளவை முழுசாக இழுத்து, ஒரு சொட்டு சிந்தாமல், புருஷன் வாயில் விட்டாள். இத்தனை நாள் ஊற்றிக் கழித்ததை மிஸியிடம் சொல்ல வெட்கம். இனிமேல் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்துவிட்டாள், பாவம்.

மறுநாள் காலையில் பாட்ரீசியாவுக்குப் போன் வந்தது.

“மிஸி, அவரு தூங்கறாரு! நல்லா தூங்கறாரு மிஸி, கொறட்டை விட்டு! இந்த மூணு மாசத்துல இப்படி ஒரு தூக்கம் நான் பாக்கல.” மங்களம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

பாட்ரீசியா அப்போது கிளேபாங்கில் வேறொரு நோயாளி வீட்டுக்குப் போகிற வழியில் இருந்தாள். காரைச் சாலையோரத்துத் தேங்காய்த் தண்ணீர்க் கடை முன்னால் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள். சந்தோஷ அழுகை. “தூங்கட்டும்கா, பாவம், எத்தன நாள் தூக்கம் பாக்கி! ஆனா மருந்த மட்டும் விட்றாதீங்க. நேரமானா லேசா எழுப்பிக் குடுங்க. விட்டா வலி திரும்ப வந்துரும். நான் மத்தியானம் வந்து பாக்கறேன்.”

“சரி மிஸி,” என்றாள் மங்களம். இந்தத் தடவை அவள் சொன்னபடியே செய்தாள்.

மத்தியானம் பாட்ரீசியா உள்ளே காலெடுத்து வைத்ததுமே அது தூக்கம் இல்லை என்று தெரிந்துவிட்டது. மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வருவதற்குள் அவள் செருப்பைக் கழற்றி, கூடத்தைக் கடந்து, கட்டில் அருகே வந்துவிட்டாள். தோளைத் தட்டினாள், நெஞ்செலும்பில் அழுத்தினாள். அவர் அசையவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கிக் கிடந்தது. மார்ஃபின் அதிகமானால் கண் அப்படித்தான் ஆகும், அதுவும் பாடத்தில் இருந்தது. ஆனால் மூன்று மாதமாக இதே மருந்தில் பழகிய உடம்பு, ஒரே நாளில் இப்படி ஆகாதே.

“அக்கா,” என்றாள். “அக்கா, நேத்து வரைக்கும் எவ்வளவு குடுத்தீங்க?”

மங்களம் கையைப் பிசைந்தாள். “கோவிச்சுக்காதீங்க மிஸி.”

“சொல்லுங்கக்கா.”

“ரெண்டு சொட்டு. சிராப்புல கலந்து. மிச்சத்த ஊத்திருவேன். அதே மார்ஃபின்தான் மிஸி என் புள்ளைய கொன்னுச்சு. ஆக்சிடென்டுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். போலீஸ்காரன் இதே பேரத்தான் சொன்னான். நான் எப்படி மிஸி குடுப்பேன்? நேத்து நீங்க அழுதீங்க. அதான் குடுத்தேன். நேத்திலேர்ந்து ஒன்னுகூட விடல. நீங்க சொன்ன மாதிரியே எழுப்பி எழுப்பிக் குடுத்தேன்.”

பாட்ரீசியா மருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். இரண்டு சொட்டுக்கு மேல் அறியாத உடம்பில், மூன்று மாதம் ஏற்றி ஏற்றி வைத்த அளவு ஒரே நாளில் இறங்கியிருக்கிறது. ஏற்றியது அகல்யா. ஏற்றச் சொன்னது அவள். எழுப்பிக் கொடு என்றதும் அவள்தான், இன்று காலையில், தேங்காய்க் கடை முன்னால் அழுதுகொண்டே.

வாசலுக்குப் போய் அகல்யாவுக்குப் போன் செய்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அகல்யா மெதுவாகச் சொன்னார்: “மார்ஃபின முறிக்கிற ஊசி ஆஸ்பத்திரியில இருக்கு. ஆம்புலன்ஸ் கூப்பிடலாம். ஊசி போட்டா முழிச்சிருவாரு, ஆனா அந்த வலியோடதான் முழிப்பாரு. ஈரல் இருக்கற நிலையில எப்படிப் பார்த்தாலும் சில நாள்தான். ஆஸ்பத்திரி வேணாம்னு அவரே சொல்லியிருக்காரு. அவங்க மனைவியக் கேளுங்க பாட்ரீசியா. நான் கிளம்பிட்டேன்.”

மனைவியைக் கேட்பதாம்! எப்படிக் கேட்பது? ‘உங்கள் கையால் கொடுத்ததை எடுக்கவா, விடவா?’ என்றா? பாட்ரீசியா உள்ளே வந்தாள். திருச்செல்வத்தின் நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. தலையணையைக் கட்டிப்பிடித்திருந்த கை தளர்ந்து விரிந்து கிடந்தது. இந்த முகத்தைப் பார்க்கத்தானே அவள் மூன்று மாதமாக ஜெபித்தாள்? இவரை எழுப்பி மறுபடி அந்தச் சத்தத்துக்குள் தள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கேட்காமல் விடவும் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் கேட்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அகல்யாவின் கார் வருவதற்கு முன்பே, ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்த மூச்சு வராமலே போயிற்று.

அகல்யா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நோயாலும் இருக்கலாம், மருந்தாலும் இருக்கலாம். நம்மால சொல்ல முடியாது,” என்று மட்டும் சொன்னார். கூடத்தில் மங்களம் ஓலமிடத் தொடங்கியிருந்தாள். பக்கத்து வீட்டுச் சனம் வந்து கூடியது. நல்ல சாவு, நோகாமல் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்துப் பாட்ரீசியா பழம் வாங்கிக்கொண்டு போனாள். துக்கம் விசாரிக்கப் போவதும் வேலையில் சேர்த்திதான். ஆனால் அதற்காகப் போனதாகச் சொன்னால் பொய். அந்தப் பெண் தன்னைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டிவிட மாட்டாளா என்றுதான் போனாள். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். சுவரில் மகன் பக்கத்தில் அப்பாவும் மாலையோடு இருந்தார்.

மங்களம் திட்டவில்லை. மைலோ கலக்கிக் கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“மிஸி, நீங்க படிச்சவங்க. எனக்கு உண்மைய சொல்லுங்க. நான் அன்னைக்கு முழுசா குடுத்தேனே, அதனாலதான் அவரு போயிட்டாரா?”

நோயாளியின் குடும்பத்திடம் ஒருபோதும் பொய் சொல்லாதீர்கள் என்பதுதான் பயிற்சியின் முதல் நாள் முதல் பாடம். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள், அதுவும் நேர்மைதான் என்றும் சொல்லியிருந்தார்கள். பாட்ரீசியா மங்களத்தின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பிள்ளையை அந்தப் பேரில் பறிகொடுத்தவளிடம் போய், ‘தெரியாது’ என்ற வார்த்தையை வைத்துவிட்டு எழுந்து போக அவளால் முடியவில்லை. அந்த வார்த்தையோடு இவள் ஆயுசுக்கும் தனியாக இந்த வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பொய், இவளாவது தூங்கட்டும். கர்த்தர் மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டால் போகட்டும்.

“இல்லக்கா,” என்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள். “சத்தியமா இல்ல. அது நல்ல மருந்து. வலிய மட்டும்தான் எடுக்கும், ஆளக் கொல்லாது. அவரு நேரம் வந்துருச்சு, போயிட்டாரு. நீங்க குடுத்ததால கடைசியில ஒரு நாளாச்சும் நிம்மதியா தூங்கினாரு.”

மங்களம் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பாட்ரீசியாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்புறம் மங்களத்தின் தலையாட்டல் நின்றது.

“அப்படின்னா மிஸி, மொத நாளே குடுத்திருந்தா, அவருக்கு இந்த மூணு மாசமும் வலிச்சிருக்காதா?”